பை வெளுத்த நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

என் குடலில் ஒன்றரை அடியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் இருபது அடி மிச்சம் இருப்பதால் கவலைப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர் ஹபிபுல்லா. நான் நகராட்சியில் பாதாளச் சாக்கடைப் பிரிவில் உதவிப் பொறியாளர். குழாயை வெட்டி ஒட்டிவிட்டு, மிச்ச நீளத்தைச் சொல்லி வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துவது எங்கள் வழக்கமும்தான்.

கிரோன் நோய் வந்து பதினோரு வருடம். குடல் தானாகப் புண்ணாகும், வீங்கும், சுருங்கும். ஆறும், பிறகு திரும்ப ஆரம்பிக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி நூல் நுழையாத அளவுக்கு அடைத்துக்கொண்டதால் வெட்ட வேண்டியதாயிற்று. இப்போது வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை, துளையில் ஒரு ரப்பர் குழாய், குழாயின் முடிவில் ஒரு பை. உள்ளே தேங்குகிற நீர் அதில் வடிய வேண்டும். முதல் சில நாள் வெளிறிய மஞ்சளாக, ஒழுங்காக வடிந்தது. நேற்று முதல் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். இன்று காலை பை முழுக்க வெள்ளை.

நர்ஸ் பார்த்துவிட்டு, "சார், பால் குடிச்சீங்களா?" என்றார்.

"குடிச்சா அது இந்தப் பைக்கு வருமா?"

அவர் டாக்டரைக் கூப்பிடப் போனார். பதில் தெரியாத கேள்விக்கு மேலதிகாரியைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாத் துறையிலும் நல்ல பெயர் எடுக்கிறார்கள்.

மார்ச் 4, புதன்

என் உடம்பில் மூன்றாவதாக ஒரு குழாய் அமைப்பு இருப்பதை இன்று தெரிந்துகொண்டேன். ஐம்பது வயதாகிறது. ஒரு வீட்டில் இவ்வளவு காலம் குடியிருந்துவிட்டு, அதற்கு ஒரு கொல்லைப்புறம் உண்டு என்று இன்றைக்குக் கேள்விப்படுவதுபோல் இருந்தது.

டாக்டர் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் படம் போட்டார். "சார், உங்க லைன்லயே சொல்றேன். ரத்தம் குடிநீர் லைன்னு வச்சுக்கங்க. இது வடிகால் லைன். நிணநீர். திசுவுக்குள்ள கசியிற தண்ணி, கிருமியோட சண்டை போட்டுட்டு வர்ற அணுக்கள் எல்லாம் இது வழியாத்தான் போகும். குடல்ல இதுக்கு இன்னொரு வேலை. நாம சாப்பிடுற கொழுப்பு ரத்தத்துக்கு நேரா போகாது. இதுல ஏறித்தான் போகும்."

"வடிகால்லயா சாப்பாடு போகுது?"

"அதான் இதுல விசேஷம். அதனாலதான் பை பால் மாதிரி இருக்கு."

என் நோயில் இந்த மெல்லிய குழாய்கள் வீங்கும், கசியும், அடைத்துக்கொள்ளும். போக வேண்டியது போகாமல் குடலிலேயே தங்கிவிடும். அந்தத் தேக்கமே புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். "குடல் கெட்டதால வடிகால் கெட்டுச்சா, வடிகால் கெட்டதால குடல் கெட்டுச்சான்னு இன்னும் சண்டை ஓடுது சார்," என்றார். எங்கள் அலுவலகத்தில் இதே சண்டை குடிநீர்ப் பிரிவுக்கும் எங்களுக்கும் நடக்கிறது. இரண்டு பக்கமும் பதவி உயர்வு வந்துகொண்டிருப்பதால் யாரும் தீர்ப்புக்கு அவசரப்படவில்லை.

வெட்டும்போது அப்படி வீங்கிய குழாய் ஒன்று மூடாமல் நின்றுவிட்டது. நான் கொழுப்பு சாப்பிட்டால் அது பாலாகி, அந்த ஓட்டை வழியே வயிற்றுக்குள் கசிந்து, பைக்கு வருகிறது. மருந்து ஒன்றுதான்: கொழுப்பே கூடாது. கசிவு ஓய்ந்தால் ஓட்டை தானாக ஒட்டிக்கொள்ளும்.

உணவு ஆலோசகர் ஷைலஜா ஒரு சிறு பாட்டில் கொடுத்தார். அந்த எண்ணெய் மட்டும் தினம் இரண்டு ஸ்பூன் சேர்க்கலாம். அது வடிகாலில் ஏறாமல் நேராக ரத்தத்துக்குப் போய்விடும். "பைபாஸ் ரோடு மாதிரி சார். தேங்காய்லேர்ந்து பிரிச்சு எடுக்கறதுதான், பயப்பட வேணாம்."

மீனலோசனி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறாள். டாக்டர் போனதும், "ஏம்மா, இது உங்க புத்தகத்துல இல்லையா?" என்றேன்.

"இருக்குங்க. ஒரு பக்கம். ரெண்டு மார்க்குக்கு மேல கேக்க மாட்டாங்க. வீட்ல படிச்சுக்கங்கன்னு சொல்லிருவேன்."

மார்ச் 6, வெள்ளி

சங்கரன்கோவிலிலிருந்து அக்கா வந்துவிட்டாள். பேச்சியம்மாள் வரும்போது இரண்டு பையும் ஒரு அபிப்பிராயமும் கொண்டுவருவாள். இந்தத் தடவை அபிப்பிராயம் என் கன்னத்தைப் பற்றி.

"என்னடே, மூஞ்சி இப்படி ஒட்டிப்போச்சு? ஆஸ்பத்திரிக்காரன் ஒன்ன வெட்டுனானா, சீவுனானா?"

மீனலோசனிக்குத் தேர்வுப் பணி. ஆகவே ஏற்பாடு இது: அவள் விடியற்காலையில் கஞ்சி காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து, ஆற்றி, எனக்குக் கொடுத்துவிட்டு மாலைவரை உட்கார்ந்திருப்பாள். மாலையில் மீனலோசனி வந்து அவளை அனுப்பி வைப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் லூர்துராஜ், லாரி செட்டில் புக்கிங் பார்ப்பவர். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் வந்து சேர்த்திருக்கிறார்கள். என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சினியர் சார், கறந்து வித்தா ஆஸ்பத்திரி பில் கட்டிரலாம்," என்றார். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று சைகை காட்டினேன். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மார்ச் 8, ஞாயிறு

பை வெள்ளை.

மார்ச் 9, திங்கள்

நாக்கு செத்துவிட்டது. நரம்பில் ஏற்றுகிற ஒரு மருந்து எதைச் சாப்பிட்டாலும் செப்புக்காசை நக்கியதுபோல் ஆக்கிவிடுகிறது. அப்படியிருந்தும் மீனலோசனியின் கஞ்சி மட்டும் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. எண்ணெய்ப் பசையே இல்லாத கஞ்சியை இவ்வளவு பதமாகக் காய்ச்சுவது ஒரு கைத்திறன். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினேன்.

அக்காவுக்கு அடுத்தவர் அடுப்படியைத் தணிக்கை செய்யும் பழக்கம் உண்டு. இன்றைய அறிக்கை: "ஒங்க வீட்டுல தேங்காய ஒடச்சு ஒடச்சு மூடியாக் கெடக்கு. சட்னிய மட்டும் கண்ணுல காங்கல." அவளுக்கு ஊரிலிருந்து கிளம்பியதும் யார் வீட்டிலும் எதுவும் சரியாக இராது.

பை வெள்ளை.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டர் பொறுமையிழந்துவிட்டார். வாய்வழியாக எல்லாவற்றையும் நிறுத்தி, கழுத்து நரம்பு வழியாக உணவு ஏற்றுகிறார்கள். கஞ்சி பிளாஸ்க் வீட்டோடு நின்றது. அக்கா இருந்தும் அவளுக்கு வேலையில்லை. என் காலை அமுக்கிவிட்டுக்கொண்டு, எதிர்க் கட்டிலில் இருப்பவரின் மருமகளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

பை மஞ்சள்! குழாயில் வெறும் நீர் வருவதைப் பார்த்து ஒரு பொறியாளன் இவ்வளவு மகிழக் கூடாது.

மார்ச் 13, வெள்ளி

கழுத்துக் குழாயில் கிருமி. குளிர் காய்ச்சலில் கட்டிலே ஆடியது. குழாயை உருவிவிட்டார்கள். இனி அந்த வழி கிடையாது. நாளை முதல் திரும்பவும் கஞ்சி.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று கஞ்சி. இன்று பை வெள்ளை.

டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் நின்றுகொண்டு சொல்வது நல்ல செய்தி.

"சார், வாயை மூடினா தெளியுது, வாயைத் திறந்தா வெளுக்குது. உள்ள கொழுப்பு போகுது. என்ன சாப்பிடுறீங்க?"

"கஞ்சி. பருப்புத் தண்ணி. முட்டை வெள்ளை."

"வேற?"

"நீங்க திட்டுறது."

அவர் சிரிக்கவில்லை. மீனலோசனி பக்கம் திரும்பினார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு அப்படித்தான் டாக்டர். வீட்லயும் சொல்லாம கொள்ளாம முறுக்க எடுத்துத் தின்னுட்டு, டப்பாவ மூடி வச்சிருவாரு," என்றாள்.

உண்மைதான். ஆனால் அது நல்ல குடல் இருந்த காலத்து வரலாறு. இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னைப் பற்றி மூன்றாமவரிடம் ஒரு உண்மை சொன்னது இதுவே முதல் தடவை. அதற்கு இந்த நேரம்தான் கிடைத்ததா என்று தெரியவில்லை.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். வரும் சனிக்கிழமைக்குள் தெளியாவிட்டால் மறுபடி திறந்து, கசிகிற இடத்தைத் தேடிக் கட்ட வேண்டும். உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் குடல் போகலாம். மலம் போவதற்கு வயிற்றிலேயே வாய் வைத்து, ஆயுள் முழுக்கப் பையோடு இருக்கும்படி ஆகலாம். அதற்கும் கீழான ஒன்றை அவர் சொல்லவில்லை; ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்த விதத்திலிருந்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

தெருவில் கழிவு பொங்கினால் "காரணம்: பொதுமக்கள் குப்பை போட்டது" என்று எழுதிக் கோப்பை முடிப்போம். என் கோப்பிலும் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார்கள். பொதுமக்களாக இருப்பது எப்படி என்று இப்போது தெரிகிறது.

எல்லோரும் போனபின் அக்கா கேட்டாள்: "ஏண்டே, கஞ்சி எப்படி இருக்கு?"

"நல்லா வழுவழுன்னு இருக்கு. ஏன்?"

அவள் பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்தாள். மூடி வைத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசினார். குடும்பம் என்றால் மீனலோசனி, அக்கா, கட்டிலில் நான். எதெல்லாம் கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நெய், வெண்ணெய், பால் ஆடை, கடலை, தேங்காய், தேங்காய்ப்பால்…

மீனலோசனி குறுக்கிட்டாள். "தேங்காய்ப்பாலுமா டாக்டர்? அந்த பாட்டில் எண்ணெயே தேங்காய்லேர்ந்து வர்றதுதான?"

"அது தேங்காய்க் கொழுப்புல ஒரு சின்னப் பகுதிம்மா. அத மட்டும் தனியா பிரிச்சிருக்காங்க. மீதி எல்லாம் நெய் போற வழியிலதான் போகும்."

"முழுக்கவா?"

"பெரும்பகுதி. ஏன், குடுத்தீங்களா?"

"இல்ல இல்ல. பிள்ளைங்களுக்குச் சொல்லலாமேன்னு கேட்டேன்."

கணவனின் வயிறு மறுபடி திறக்கப்படலாம் என்ற நேரத்திலும் மாணவர் நலனை மறக்காத ஆசிரியையை எண்ணிப் பெருமையாக இருந்தது. முகம் வெளிறியிருந்தது, தேர்வுக் காலத்தில் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு என்றுமே பாடத்தில் ஆர்வம் கிடையாது.

மாலையில் விஷயம் வெளிவந்துவிட்டது. மீனலோசனி அக்காவின் பையில் துண்டு தேடும்போது நெய் பாட்டில் ஒன்று கிடைத்தது. உருக்கிய நெய், பாதி காலி.

"என்ன மதினி இது?"

"நெய்யி. கேண்டீன் சோத்துல அவன் ஊத்துறது எண்ணெயா, வண்டிக்குப் போடுற கிரீசான்னு தெரியல. எஞ்சோத்துக்கு நாங் கொண்டாந்தேன்."

"கஞ்சிய ஆத்திக் குடுக்குறது நீங்கதான மதினி."

வார்டே திரும்பிப் பார்த்தது. லூர்துராஜ் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"நான் ஊத்தலட்டி," என்றாள் அக்கா.

"நான் ஊத்துனீங்கன்னா சொன்னேன்? பாட்டில் இருக்குன்னுதான் சொன்னேன்."

மார்ச் 18, புதன்

அக்காவை ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். நெய் அவளிடம் இருந்தது. டம்ளர் அவள் கையில் இருந்தது. நான் இளைத்துவிட்டேன் என்று வந்த நாள் முதல் புலம்பியவள் அவள். பாசத்தில் செய்திருப்பாள், பாசத்தில் செய்ததற்கும் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும்.

"அக்கா, நீ ஊருக்குப் போ," என்றேன். "நான் செத்துப்போனா அப்புறம் வந்து நெய் ஊத்து."

கடைசி வாக்கியம் தேவையில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மீனலோசனியைப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"நாம் போயிட்டா கஞ்சி தெளிவா இருக்கும்லா, மீனா?"

"இருக்கும் மதினி."

"இன்னைலேர்ந்தே?"

"இன்னைலேர்ந்தே."

"அப்பம் சரி. நாம் போறேன்."

பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிடிபட்டவர்கள் இவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் அனுபவத்தில் சாக்கடையில் கட்டட இடிபாட்டைக் கொட்டியவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள்.

மீனலோசனி பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டாள். இனி எல்லாம் அவளே.

மார்ச் 19, வியாழன்

பை வெள்ளைதான். ஆனால் நீர்மோர் வெள்ளை. கஞ்சி இன்று தொண்டையில் சிக்கியது. மாவுச் சோறு மாதிரி இருந்தது. அவளுக்குத் தூக்கமில்லை, கை தவறியிருக்கும்.

மார்ச் 20, வெள்ளி

வெளிறிய மஞ்சள்.

மார்ச் 21, சனி

மஞ்சள். ஆபரேஷன் இல்லை. டாக்டர் நின்றுகொண்டே சொன்னார்.

"என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார்.

"ஒரு ஆள," என்றேன்.

மீனலோசனி வாசல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அக்கா பேரைச் சொல்லவில்லை, "யார்னு கேக்காதீங்க, பெரியவங்க, தெரியாம செஞ்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

குழாயை உருவிவிட்டார்கள். ஒரு முழ நீளம் உள்ளேயிருந்து வந்தது. பையைக் குப்பைத் தொட்டியில் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். யார் என்ன சொன்னாலும் இந்த மூன்று வாரம் அது பொய் நிறம் காட்டவில்லை.

மார்ச் 25, புதன்

வீட்டுக்குப் போகிறோம். மீனலோசனி கீழே பில் கட்டப் போயிருந்தாள். லூர்துராஜுக்கும் இன்றுதான் விடுதலை. அவருடைய மகள் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா கிட்ட சொல்லிருங்க சார்," என்றார் லூர்துராஜ். "அவங்க புண்ணியத்துலதான் என் புண்ணு ஆறுச்சு."

"அவ என்ன செஞ்சா?"

"தேங்காய்ப்பாலுதான்! குடல் புண்ணுக்கு இதுமாதிரி கிடையாது, முதல் பாலா எடுத்துக் கஞ்சியில ஊத்துங்க, எங்க வீட்டுக்காரருக்கும் அதான் குடுக்குறேன், பாருங்க எப்படிக் குடிக்கிறாருன்னு சொன்னாங்க. என் மக அன்னைலேர்ந்து ஊத்துது."

"என்னைக்குச் சொன்னா?"

மகள் நிமிர்ந்தார். "நாங்க வந்த மறுநாளு சார். உங்க அக்கா இன்னும் வரல. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. அப்புறம் போன வாரம் திடீர்னு, வேண்டாம்மா, நிறுத்திருங்கன்னாங்க. அப்பாவுக்கு ஒத்துக்கிருச்சேன்னு நாங்க நிறுத்தல."

"போன வாரம் எந்த நாளு?"

"டாக்டர் உங்க எல்லாரையும் கூப்பிட்டு வச்சுப் பேசுனாருல்ல. அது முடிஞ்ச உடனே."

நெய் பாட்டில் கிடைத்தது அதற்குப் பிறகு.

லூர்துராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். மீனலோசனி ரசீதோடு வந்தாள். "போலாமாங்க?" என்றாள். போகலாம் என்றேன்.

வண்டியில் அவள் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள், காற்று படக் கூடாது என்று.

மார்ச் 26, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. வெயில்.

மார்ச் 27, வெள்ளி

மீனலோசனி விடைத்தாள் திருத்தப் போனதும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னடே, வீட்டுக்கு வந்துட்டியா? வயிறு எப்படிருக்கு?"

"அக்கா, கஞ்சியில நீ நெய் ஊத்துனியா?"

"ஆமா. அதான் அன்னைக்கே முடிஞ்சுபோச்சுல்லா."

"அன்னைக்கு ஊத்தலன்னு சொன்ன."

"அன்னைக்கு அப்படிச் சொன்னேன். இன்னைக்கு இப்படிச் சொல்லுதேன்."

"நெய் ஊத்துனா மேல மஞ்சளா மெதக்கும். ஒருநாள்கூட மெதக்கல. தேங்காய்ப்பால்தான் கஞ்சியோட கஞ்சியா இருக்கும்."

 அந்தப் பக்கம் குக்கர் விசில்.

"நீ இஞ்சினியரு. ஒனக்கு எல்லாம் தெரியும். ஒன் வீட்டு அடுப்படியில என்ன நடக்குன்னு எப்பம் தெரிஞ்சிருக்கு ஒனக்கு?"

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பிளாஸ்க்க மோந்தப்பவே. ஒன் நாக்குதான் செத்துருக்கு, எம் மூக்கு சாவல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா? அவ இல்லன்னுருப்பா. இல்லன்னவ மறுநாள் எப்படி நிறுத்துவா? நிறுத்துனா அவதான்னு ஆயிரும்லா. வீம்புக்கு ஊத்துவாளோ, பயந்து ஊத்துவாளோ, யாரு கண்டா? ஒனக்குச் சனிக்கெழம கத்தி. நாம் போனா அவளால நிறுத்த முடியும். போனேன். தெளிஞ்சிட்டு. அவ்வளவுதான்."

"நான் ஒன்ன அப்படிப் பேசி…"

"பேசுன. நல்லாத்தாம் பேசுன. அத நாம் மறக்க மாட்டேன்." குரல் மாறவில்லை. "ஆனா அவகிட்ட எதுவும் கேக்காத. கெட்ட எண்ணத்துல ஊத்தல அவ. நாளப்பின்ன ஒனக்குக் கஞ்சி காய்ச்சப் போறது அவதான், நானில்ல. எவனாது கேட்டா நெய்யின்னே சொல்லு. வைக்கேன், சோறு கொழஞ்சிரும்."

ஆக, என் வயிற்றைப் பற்றி ஒரு ஒப்பந்தம் என் கட்டிலுக்குக் குறுக்கே முடிந்திருக்கிறது. ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். நடுவில் நான் படுத்துக்கொண்டு சான்றுகளைச் சீர்தூக்கிக்கொண்டிருந்தேன்.

தெரியாமல் ஊற்றியதை நான் ஒரு பொழுதில் மன்னித்திருப்பேன். புண்ணுக்குத் தேங்காய்ப்பால் நல்லது என்பதை இந்த ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது. பாட்டில் எண்ணெயும் தேங்காய்தானே என்று கணக்குப் போட்டதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று டாக்டர் "குடுத்தீங்களா?" என்று கேட்டாரே, அதற்கும் சாயங்காலத் துண்டு தேடலுக்கும் இடையில் நாலு மணி நேரம் இருந்தது. அந்த நாலு மணி நேரத்தை என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

உறவுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, மீண்டும் ஹார்லிக்ஸ். மீனலோசனியின் சித்தப்பா, "எல்லாரும் இருக்கறப்பவே அந்த அக்காவுக்கு ஒரு போனப் போட்டு ராசியாயிரும்மா. எத்தன நாளைக்கு மனசுல வச்சிக்கிறது?" என்றார்.

மீனலோசனி என்னைப் பார்த்தாள். நான் சாத்துக்குடியைப் பார்த்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, நான்தான். எல்லாரும் இருக்காங்க. அன்னைக்கு நடந்தத நாங்க மறந்துட்டோம் மதினி. நீங்க பாசத்துலதான செஞ்சீங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."



"சரிம்மா," என்றது அக்காவின் குரல். "ஒனக்குப் பெரிய மனசு."

மீனலோசனி உடைந்து அழுதாள். அது நடிப்பில்லை, எனக்கு அவளை இருபத்து மூன்று வருடமாகத் தெரியும், நடிப்பு இல்லவே இல்லை. எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். இந்தக் காலத்தில் நாத்தனாரை மன்னிக்கிற பெண் எங்கே கிடைக்கிறாள் என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

டாக்டரிடம் போய் வந்தேன். ஓட்டை ஒட்டிவிட்டது. நோய் போகவில்லை, மிச்சமிருக்கும் குடலிலும் அதைச் சுற்றிய வடிகாலிலும் அது இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வீங்கலாம். இன்னும் ஒரு மாதம் கொழுப்பு கூடாது. பிறகும் ஆயுளுக்கும் என்ன சாப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தெரிஞ்சு சாப்பிடுங்க சார். அவ்வளவுதான் வைத்தியம்," என்றார்.

திரும்பி வந்து அடுப்படிக்குப் போனேன். குக்கர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று கதவுகளைத் திறந்து பார்த்ததில் கிடைத்தது. அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் தெரியவில்லை; குத்துமதிப்பாகப் போட்டேன். தையல் போட்ட இடம் இழுத்தது. விசில் வந்ததும் எத்தனையாவது என்று மறந்துவிட்டது.

மீனலோசனி பள்ளியிலிருந்து வந்து, தோள்பையைக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள். நான் கஞ்சியை டம்ளரில் ஊற்றினேன். கட்டி கட்டியாக விழுந்தது. அவள் முன்னாலேயே நின்று குடித்தேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.